மோதலும் கழித்தலும்: முடுக்கிகளில் புதிய துகள்கள் கண்டறியப்படும் விதம்

புதிய அணுவடித் துகள் ஒன்றைக் கண்டுபிடித்ததாகச் சொல்ல மூன்று வேண்டும். அந்தத் துகளை உண்டாக்கப் போதிய ஆற்றல் வேண்டும். அது சிதைந்து விட்டுச்செல்லும் தடங்களைப் பதிக்கும் கருவி வேண்டும். அந்தத் தடங்கள் ஏற்கெனவே அறிந்த எதனாலும் வந்திருக்க முடியாது என்று காட்டும் கணக்கு வேண்டும். முதல் இரண்டும் கண்ணைக் கவர்பவை. பல கிலோமீட்டர் நீளச் சுரங்கங்களும் மாடி வீட்டுயரக் காந்தங்களும் அவற்றைச் சேர்ந்தவை. ஒரு கண்டுபிடிப்பு நிலைப்பதும் வீழ்வதும் மூன்றாவதைப் பொறுத்தே.

இன்றைய இயற்பியலின் பட்டியலில் அடிப்படைத் துகள்கள் 17. ஆறு குவார்க்குகள், எலக்ட்ரானையும் நியூட்ரினோக்களையும் உள்ளடக்கிய ஆறு லெப்டான்கள், விசைகளைக் கடத்தும் நான்கு போசான்கள், ஹிக்ஸ் போசான் ஆகியவை அவை. குவார்க்குகள் சேர்ந்து உருவாகும் புரோட்டான், நியூட்ரான், பையான் போன்ற கூட்டுத் துகள்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன; இவற்றின் பொதுப்பெயர் ஹாட்ரான். இந்தப் பட்டியலின் பெரும்பகுதி 1950க்குப் பின் முடுக்கிகளால் நிரம்பியது.

வானத்திலிருந்து வந்தவை

முடுக்கிகளுக்கு முன்பு இயற்கையே முடுக்கியாக இருந்தது. விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான்கள் வளிமண்டலத்தின் உச்சியில் காற்றணுக்களோடு மோதிப் புதுத் துகள்களை உண்டாக்குகின்றன. இவையே காஸ்மிக் கதிர்கள். மேகக்கலங்களிலும் ஒளிப்படத் தட்டுகளிலும் இவற்றின் தடங்களைத் தேடியவர்கள் 1932இல் பாசிட்ரானையும், 1936இல் மியூவானையும், 1947இல் பையானையும் கேயானையும் கண்டனர்.

மியூவானைத் தேடிக்கொண்டு எங்கும் போக வேண்டியதில்லை. கடல்மட்டத்தை ஒட்டிய நிலத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் விழுகிறது. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் செல்லும் சாலையில் உள்ள டி. கல்லுப்பட்டியின் கரிசல் காட்டில் ஒரு சதுர மீட்டர் வெறுநிலத்தை நிமிடத்துக்குப் பத்தாயிரம் அளவில் மியூவான்கள் துளைத்துச் செல்கின்றன. எலக்ட்ரானைப் போல 207 மடங்கு நிறைகொண்ட இத்துகளின் சராசரி ஆயுள் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு.

இந்தத் தேடலில் இந்தியர் பங்கு தொடக்கத்திலேயே உண்டு. கல்கத்தாவின் போஸ் நிறுவனத்தில் தேவேந்திர மோகன் போஸும் பிபா சௌத்ரியும் ஒளிப்படத் தட்டுகளை இமயமலைப் பகுதியின் உயரமான இடங்களில் வைத்து, எலக்ட்ரானைப் போல ஏறத்தாழ 200 மடங்கு நிறையுள்ள துகள்களின் தடங்களைக் கண்டனர். முடிவுகள் 1940களின் தொடக்கத்தில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தன. போர்க்காலத்தில் உணர்திறன் மிக்க தட்டுகள் கிடைக்கவில்லை. வேலை அங்கேயே நின்றது. மேம்பட்ட தட்டுகளைக் கொண்டு பிரிஸ்டலில் செசில் பவல் குழு 1947இல் பையானை உறுதிசெய்தது. பவலுக்கு 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹோமி பாபா, இயற்பியலாளர் ஹைட்லருடன் சேர்ந்து 1937இல் காஸ்மிக் கதிர்ச் சாரலுக்கான கோட்பாட்டைத் தந்தார். எலக்ட்ரானும் பாசிட்ரானும் ஒன்றையொன்று சிதறடிப்பது குறித்து அதற்குச் சற்று முன் அவர் செய்த கணக்கு 'பாபா சிதறல்' எனப்படுகிறது. எலக்ட்ரான்–பாசிட்ரான் மோதுவிகளில் எத்தனை மோதல்கள் நடந்தன என்பதை அளக்கும் அளவுகோல் இன்றும் அதுவே.

காஸ்மிக் கதிருக்கு ஒரு குறை உண்டு. எப்போது, எங்கே, எந்த ஆற்றலில் வரும் என்பது ஆய்வாளர் கையில் இல்லை. அரிய நிகழ்வு ஒன்று பதிவானால், அதை மறுபடி வரவழைக்க வழியில்லை.

முடுக்கியின் வேலை

முடுக்கி என்பது மின்னூட்டம் பெற்ற துகளை மின்புலத்தால் உந்தி, காந்தப்புலத்தால் வளைத்துப் பாதையில் நிறுத்தும் பொறி. வட்ட முடுக்கியில் துகள் ஒரே மின்புலத்தைத் திரும்பத் திரும்பக் கடந்து, சுற்றுக்குச் சுற்று ஆற்றல் கூடுகிறது. ஒரு வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டைக் கடக்கும் எலக்ட்ரான் பெறும் ஆற்றல் ஓர் எலக்ட்ரான் வோல்ட். அதில் நூறு கோடி கொண்டது ஒரு ஜி.இ.வி.; ஆயிரம் ஜி.இ.வி. சேர்ந்தது ஒரு டி.இ.வி. நிறையும் ஆற்றலும் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை என்பதால் துகளின் நிறையும் இதே அலகில் சொல்லப்படுகிறது. புரோட்டானின் நிறை 0.938 ஜி.இ.வி.

மோதலின் ஆற்றல் முழுவதும் புதுத் துகளாகிவிடுவதில்லை. அசையாத இலக்கின் மீது கற்றையை மோதவிட்டால், உந்தம் காக்கப்பட வேண்டியிருப்பதால் ஆற்றலின் பெரும்பகுதி சிதறல்களை முன்னோக்கித் தள்ளுவதிலேயே செலவாகிறது. புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும் கொண்ட ஓர் இணையின் நிறை 1.88 ஜி.இ.வி. தான். ஆனால் அசையாத புரோட்டானில் மோதி அதை உண்டாக்க 5.6 ஜி.இ.வி. இயக்க ஆற்றல் தேவை. பெர்க்லியின் பெவட்ரான் 6.2 ஜி.இ.வி. அளவுக்குக் கட்டப்பட்டதற்குக் காரணம் இந்தக் கணக்கு. 1955இல் எதிர்ப்புரோட்டான் அங்கேதான் கண்டறியப்பட்டது.

இரு கற்றைகளை எதிரெதிரே ஓடவிட்டு மோதச்செய்தால் அந்த இழப்பு இல்லை. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள பெரிய ஹாட்ரான் மோதுவியில் 6.5 டி.இ.வி. புரோட்டான்கள் இரு திசையிலிருந்தும் வந்து மோதியபோது 13 டி.இ.வி. முழுதும் பயன்பட்டது. அசையாத இலக்கில் அதே பயனைப் பெற 90,000 டி.இ.வி. கற்றை தேவைப்படும். அப்படியொரு முடுக்கி இல்லை. அதனால்தான் 1970களுக்குப் பின் புது நிறைகளைத் தேடும் பெரும் பொறிகள் மோதுவிகளாகவே அமைந்தன.

ஆற்றலோடு இன்னொன்றும் முக்கியம்: மோதல்களின் எண்ணிக்கை. அதே ஆற்றல், அதே இடம், அதே துகள் என்று கோடானுகோடி முறை மோதலைத் திரும்ப நிகழ்த்த முடுக்கியால் முடியும். வானத்திலிருந்து வரும் கதிர்களில் சில, எந்த முடுக்கியும் தராத ஆற்றல் கொண்டவை. இருந்தும் கண்டுபிடிப்புகள் முடுக்கிக்கு இடம் மாறியதற்குக் காரணம் இந்த மீள்நிகழ்வே.

தடம் பதிக்கும் கருவி

புதுத் துகள்களில் பெரும்பாலானவை பிறந்த இடத்திலேயே சிதைந்துவிடுகின்றன. ஹிக்ஸ் போசானின் ஆயுள் ஒரு நொடியைப் பத்தின் 22ஆம் அடுக்கால் வகுத்தால் வரும் அளவே. எந்தக் கருவியும் அதைத் தொடாது. கருவி பிடிப்பது அது சிதைந்து பிறந்த எலக்ட்ரான், மியூவான், ஒளித்துகள், பையான் போன்றவற்றைத்தான்.

அதற்கென உணர்கருவி அடுக்கடுக்காகக் கட்டப்படுகிறது. பெரிய ஹாட்ரான் மோதுவியின் சி.எம்.எஸ். கருவி 21 மீட்டர் நீளமும் 15 மீட்டர் விட்டமும் 14,000 டன் எடையும் கொண்டது. நடுவில் சிலிக்கான் தகடுகள், மின்னூட்டமுள்ள துகளின் பாதையைப் புள்ளி புள்ளியாகப் பதிக்கின்றன. 3.8 டெஸ்லா காந்தப்புலத்தில் அந்தப் பாதை எவ்வளவு வளைகிறது என்பதிலிருந்து உந்தம் தெரிகிறது. அடுத்து 75,848 ஈய டங்ஸ்டேட் படிகங்கள் எலக்ட்ரானையும் ஒளித்துகளையும் உறிஞ்சி அவற்றின் ஆற்றலை அளக்கின்றன. அதற்கு வெளியே ஹாட்ரான்களுக்கான கலோரிமீட்டர். எல்லாவற்றையும் கடந்து வெளியேறுவது மியூவான் என்பதால் அதைப் பிடிக்கும் அறைகள் கடைசி அடுக்கில் உள்ளன. நியூட்ரினோ எதிலும் பதிவதில்லை. கற்றைக்குக் குறுக்கான திசைகளில் உந்தங்களைக் கூட்டும்போது ஒரு பக்கம் குறைந்தால், ஏதோ ஒன்று பதியாமல் போயிருக்கிறது என்று அந்தக் குறையே காட்டிக்கொடுக்கிறது.

நொடிக்குக் கோடிக்கணக்கான முறை கற்றைக்கட்டுகள் ஒன்றையொன்று கடக்கின்றன. அத்தனையையும் சேமிக்க இயலாது. களத்துமேட்டில் காற்றைப் பார்த்துத் தூற்றிப் பதரைப் பறக்கவிட்டு மணியை நிறுத்துவதைப் போல, 'டிரிக்கர்' என்ற மின்னணு வடிகட்டி பழகிப்போன மோதல்களை உடனுக்குடன் தள்ளிவிடுகிறது. முதற்கட்ட வடிப்பில் நொடிக்கு லட்சம் அளவில் மிஞ்சும். அடுத்த கட்டத்தில் 2012இல் சில நூறு மட்டுமே பதிவாயின. தூற்றலில் போனது போனதுதான். ஆகவே எதைத் தேடுகிறோம் என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே ஓரளவு முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

நிறையைத் திரும்பக் கூட்டுதல்

சிதைந்த துகளின் நிறையை அறியும் வழி எளிது. சிதறல்களின் ஆற்றல்களைக் கூட்டி இருபடியாக்கி, உந்தங்களைத் திசையோடு கூட்டி அதையும் இருபடியாக்கி, முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் தாய்த்துகளின் நிறையின் இருபடி கிடைக்கும். இது மாறா நிறை எனப்படும். ஒரே தாயிடமிருந்து பிறந்த இணைகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே மாறா நிறையைத் தரும். வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்து தற்செயலாக இணைந்தவை எல்லா மதிப்புகளிலும் பரவிக் கிடக்கும். வரைபடத்தில் பின்னவை வழுவழுப்பாகச் சரியும் கோடாகவும், முன்னவை அதன்மேல் எழும் சிகரமாகவும் தெரியும்.

1974 நவம்பரில் அப்படியொரு சிகரம் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் எழுந்தது. புரூக்ஹேவனில் சாமுவேல் டிங் குழு, பெரிலியம் இலக்கில் புரோட்டான்களை மோதவிட்டு எலக்ட்ரான்–பாசிட்ரான் இணைகளை எண்ணியது; 3.1 ஜி.இ.வி. அருகே இணைகள் குவிந்தன. ஸ்டான்போர்டில் பர்ட்டன் ரிக்டர் குழு, எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவிட்டுக் கற்றையின் ஆற்றலைச் சிறிது சிறிதாக நகர்த்தியது, அதே 3.1இல் மோதல்கள் நூறு மடங்கு அளவில் பெருகின. ஒரு குழு 'ஜே' என்றும் மற்றது 'சை' என்றும் பெயரிட்டதால் இன்றும் அது ஜே/சை. சார்ம் குவார்க் இருப்பதற்குச் சான்று அது. வெவ்வேறு முறைகள் ஒரே எண்ணைத் தந்ததால் ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

பின்புலமும் ஐந்து சிக்மாவும்

சில வேளைகளில் ஒற்றை நிகழ்வே போதும். 1964இல் புரூக்ஹேவனின் குமிழிக்கலத்தில் எடுத்த ஏறத்தாழ லட்சம் ஒளிப்படங்களில் ஒன்றே ஒன்று ஒமேகா-மைனஸ் துகளைக் காட்டியது. மர்ரே கெல்-மான் முன்கூட்டியே சொன்ன நிறையும் மின்னூட்டமும் அதில் இருந்தன; அத்தகைய தொடர்ச் சிதைவை வேறெந்தத் துகளாலும் விளக்க முடியவில்லை. தேடும் துகளைப் போலவே தோன்றும் பழகிய நிகழ்வுகள், அதாவது பின்புலம், இல்லாத இடத்தில் எண்ணிக்கை தேவையில்லை.

பெரும்பாலும் பின்புலம் உண்டு. அது ஏறி இறங்கவும் செய்யும். ஒரு நிறைப்பகுதியில் 100 நிகழ்வுகள் எதிர்பார்க்கப்பட்டால், தற்செயலாகவே அது 90ஆகவோ 110ஆகவோ வரலாம். 100இன் வர்க்கமூலமான 10 இங்கே ஒரு சிக்மா. 130 வந்தால் மூன்று சிக்மா, 150 வந்தால் ஐந்து சிக்மா. பின்புலம் மட்டுமே இருந்து மூன்று சிக்மா அளவு உயர வாய்ப்பு ஏறத்தாழ 740இல் ஒன்று. ஐந்து சிக்மாவுக்கு 35 லட்சத்தில் ஒன்று. துகள் இயற்பியலில் மூன்றுக்கு 'சான்று' என்றும் ஐந்துக்குக் 'கண்டுபிடிப்பு' என்றும் பெயர்.

இவ்வளவு கடுமைக்குக் காரணம் உண்டு. ஒரே வரைபடத்தில் நூறு பகுதிகளைப் பார்த்தால், ஏதாவது ஒன்று தற்செயலாக மேலெழுவதற்கான வாய்ப்பும் நூறு மடங்காகிறது. ஒரே சோதனையில் இப்படி நூற்றுக்கணக்கான வரைபடங்கள் ஆராயப்படுகின்றன. கருவியின் அளவுப்பிழை, பின்புலத்தைக் கணித்ததில் உள்ள பிழை ஆகியவையும் சேரும். ஆய்வாளரின் விருப்பம் கணக்கில் நுழையாமலிருக்க, தேர்வு விதிகளையெல்லாம் முடிவுசெய்யும் வரை சிகரம் எழக்கூடிய பகுதியைப் பார்க்காமலே மூடிவைப்பது இன்று வழக்கம். ஒரே மோதுவியில் இரண்டு குழுக்கள் வெவ்வேறு கருவிகளோடு தனித்தனியாகத் தேடுவதும் இதனால்தான்.

தவறிய சிகரங்கள் பல. 1976இல் பெர்மி ஆய்வகத்தில் லியோன் லெடர்மேன் குழு 6 ஜி.இ.வி. அருகே ஒரு குவியலைக் கண்டு அறிவித்தது. அது தற்செயலாக வர வாய்ப்பு ஐம்பதில் ஒன்று என்பது அவர்கள் கணிப்பு. தரவு கூடியதும் குவியல் கரைந்தது. அதே குழு 1977இல் 9.5 ஜி.இ.வி. அருகே கண்ட உப்சிலான் நிலைத்து, பாட்டம் குவார்க்குக்குச் சான்றாயிற்று. 2015 டிசம்பரில் பெரிய ஹாட்ரான் மோதுவியின் இரு குழுக்களுமே 750 ஜி.இ.வி. அருகே ஒளித்துகள் இணைகள் சற்று மிகுந்திருப்பதைக் காட்டின. அதை விளக்கச் சில நூறு கோட்பாட்டுக் கட்டுரைகள் எழுதப்பட்டன. 2016 ஆகஸ்டில் புதுத் தரவு வந்தபோது மிகுதி மறைந்திருந்தது.

கோலார் நிகழ்வுகள்

மீள்நிகழ்வின் அருமையை இந்திய அனுபவமே நன்கு காட்டுகிறது. கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் உலகின் மிக ஆழமானவற்றைச் சேர்ந்தவை. வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்களே அங்கே தொழிலாளர்களில் பெரும்பகுதியினராக இருந்தனர். 1951இல் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் பி.வி. ஸ்ரீகண்டன் அங்கே மியூவான்களை எண்ணத் தொடங்கினார். ஆழம் கூடக்கூட மியூவான் குறைந்தது. பாறையே கேடயமாக நின்ற அந்த ஆழத்தில் நியூட்ரினோவைத் தேடலாம் என்று எம்.ஜி.கே. மேனன் தலைமையில் இந்திய, பிரிட்டிஷ், ஜப்பானிய ஆய்வாளர்கள் இறங்கினர். 1965இல் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ பாறையில் மோதி உண்டாக்கிய மியூவானைப் பதிவுசெய்தனர். அதே காலத்தில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் பிரெடரிக் ரைன்ஸ் குழுவும் இதைக் கண்டது. வளிமண்டல நியூட்ரினோ பற்றிய முதல் நேரடிச் சான்றுகள் இவை.

அதே சுரங்கத்தில் இன்னொன்றும் பதிவானது. சில நிகழ்வுகளில் தடங்கள் பாறையிலிருந்து தொடங்காமல், கருவிக்கும் பாறைக்கும் இடைப்பட்ட காற்றுவெளியில் ஒரு புள்ளியிலிருந்து கிளைவிட்டதாகத் தோன்றின. பாறையில் பிறந்து, சற்றுத் தொலைவு கடந்து, காற்றில் சிதைந்த ஒரு துகள் என்று இதை விளக்கலாம். அப்படியானால் அதன் நிறை 2 முதல் 5 ஜி.இ.வி., ஆயுள் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு என்று கணக்கிட்டு 1975இல் வெளியிட்டனர். 'கோலார் நிகழ்வுகள்' என்று உலகம் அறிந்தது இவற்றைத்தான். பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜி. ராஜசேகரன், கே.வி.எல். சர்மாவுடன் சேர்ந்து இவற்றுக்குக் கோட்பாட்டு விளக்கம் எழுதினார்.

நிகழ்வுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. இயற்கை அனுப்பும் நியூட்ரினோவின் அளவைக் கூட்ட வழியில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் முடுக்கிகள் உண்டாக்கிய செறிந்த நியூட்ரினோக் கற்றைகளில் அத்தகைய துகள் தேடப்பட்டது, கிடைக்கவில்லை. ஆகவே கோலார் நிகழ்வுகள் பட்டியலில் ஏறவில்லை. வேறொன்றால் அவை விளக்கப்பட்டுவிட்டன என்றும் சொல்ல முடியாது. பின்புலம் ஏறத்தாழ இல்லாத இடத்தில், கவனமான குழு ஒன்று கண்ட நிகழ்வுகளே ஆனாலும், விரும்பியபோது மீண்டும் உண்டாக்கிப் பார்க்க முடியாத வரை அவை கண்டுபிடிப்பாகா.

டாப் முதல் ஹிக்ஸ் வரை

இந்தியாவில் புதுத் துகள் தேடும் அளவுக்கு முடுக்கி கிடையாது. இந்தோரின் இண்டஸ்-2 வளையம் 2.5 ஜி.இ.வி. ஆற்றல் கொண்டது, அது பிற ஆய்வுகளுக்கு எக்ஸ் கதிர் தரும் ஒளிமூலம். ஆகவே கோலார், பலூன் சோதனைகள் ஆகியவற்றில் பழகிய இந்தியக் குழுக்கள் வெளிநாட்டு மோதுவிகளில் சேர்ந்தன.

செர்னின் எலக்ட்ரான்–பாசிட்ரான் மோதுவி 1989 முதல் 2000 வரை இயங்கியது. அதன் எல்-3 சோதனையில் டாடா ஆய்வு நிறுவனம் பங்கேற்றது. விசைகளைக் கடத்தும் போசான்களில் ஒன்றான இசட்டின் மொத்தச் சிதைவிலிருந்து, கருவியில் தெரிந்த சிதைவுகளைக் கழித்து மீதியை நியூட்ரினோக்களுக்குப் பங்கிட்டபோது, எல்லாக் குழுக்களின் அளவீடுகளும் சேர்ந்து தந்த விடை 2.984. பிழை 0.008. இலேசான நியூட்ரினோ வகைகள் மூன்றே, நான்காவதற்கு இடமில்லை என்று கழித்தல் கணக்கே தீர்த்துவைத்தது.

பெர்மி ஆய்வகத்தின் டெவட்ரானில் 1995 மார்ச் 2 அன்று டாப் குவார்க் அறிவிக்கப்பட்டது. அதைக் கண்ட இரு குழுக்களில் ஒன்றான டி-ஜீரோவில் டாடா நிறுவனம், டெல்லிப் பல்கலைக்கழகம், பஞ்சாப் பல்கலைக்கழகம் ஆகியவை இருந்தன. டி-ஜீரோ காட்டியது 17 நிகழ்வுகள். பின்புலத்திலிருந்து மட்டும் எதிர்பார்த்தது 3.8. தனித்துப் பார்த்தால் 4.6 சிக்மாதான், மற்றக் குழுவான சி.டி.எப். 4.8 சிக்மா கண்டது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கின. டாப்பின் நிறை ஏறத்தாழ 173 ஜி.இ.வி. என்று பின்னர் துல்லியமானது. தங்க அணு ஒன்றின் நிறைக்கு அது கிட்டத்தட்டச் சமம்.

ஜப்பானின் சுக்குபாவில் 8 ஜி.இ.வி. எலக்ட்ரான்களும் 3.5 ஜி.இ.வி. பாசிட்ரான்களும் மோதிய வளையத்தில் பெல் சோதனை நடந்தது. 2003இல் அது வேறுவகைப் புதுமையைத் தந்தது. பி-மேசான்களின் சிதைவில் ஜே/சையோடு இரண்டு பையான்களைச் சேர்த்து நிறை கணக்கிட்டபோது 3872 எம்.இ.வி., அதாவது 3.872 ஜி.இ.வி. என்ற இடத்தில் ஒடுங்கிய சிகரம் எழுந்தது. நிகழ்வுகள் ஏறத்தாழ 36 மட்டுமே. ஆனால் பின்புலம் மிகக் குறைவாக இருந்ததால் மிகுதி பத்து சிக்மாவைத் தாண்டியது. எக்ஸ்(3872) எனப்பட்ட அது, குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த வழக்கமான மேசானாக முற்றிலும் பொருந்தவில்லை. நான்கு குவார்க் கட்டமைப்புகள் பற்றிய ஆய்வு அதிலிருந்து வேகம் பிடித்தது. பெல்லில் டாடா நிறுவனம் முதலிய இந்தியக் குழுக்கள் இருந்தன. பின்னர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்தது. அடுத்த கட்டமான பெல்-2 கருவியின் சிலிக்கான் அடுக்குகளில் ஒன்றை உருவாக்கியவர்கள் டாடா நிறுவனத்தார்.

ஹிக்ஸ் போசான் 1964இல் கோட்பாடாக எழுந்து 48 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்தது. 8 டி.இ.வி. மோதல்களில் ஏறத்தாழ 300 கோடிக்கு ஒன்றில்தான் அது பிறக்கிறது. பிறந்தவற்றிலும் ஆயிரத்தில் இரண்டே இரு ஒளித்துகள்களாகச் சிதைகின்றன. நான்கு லெப்டான்களாகச் சிதைபவை பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு. பெரும்பங்கு பாட்டம் குவார்க் இணைகளாகப் போகிறது. ஆனால் அதே இணைகள் வேறு மோதல்களில் ஏராளமாக வருவதால் பின்புலம் மூழ்கடித்துவிடும். ஆகவே அரிதானாலும் தெளிவான வழிகளையே குழுக்கள் தேர்ந்தன. 2012 ஜூலை 4 அன்று சி.எம்.எஸ்., அதே மோதுவியின் மற்றொரு குழுவான அட்லஸ் ஆகிய இரண்டும் 125 ஜி.இ.வி. அருகே புதுத் துகளை அறிவித்தன. பீட்டர் ஹிக்ஸுக்கும் பிரான்சுவா ஆங்லேருக்கும் 2013இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் இந்தியப் பங்கு பொறியிலும் கருவியிலும் உண்டு. 1991இல் அணுசக்தித் துறைக்கும் செர்னுக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. மோதுவியின் முதன்மைக் காந்தங்களில் எழும் சிறு புலப்பிழைகளைத் திருத்தும் மீக்கடத்துக் காந்தங்கள் 1,700க்கும் மேல் இந்தியாவிலிருந்து சென்றன. பல டன் எடையுள்ள காந்தங்களை மிக நுட்பமாக நகர்த்தி நிறுத்தும் ஜாக்கிகள் ஏறத்தாழ 7,000 சென்றன. சி.எம்.எஸ். கருவியின் வெளி ஹாட்ரான் கலோரிமீட்டரை டாடா நிறுவனத்தார் கட்டினர். சிலிக்கான் முன்சாரல் உணரிகள் பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸில் உருவாயின. கருவியின் இரு முனைகளிலும் பின்னர் சேர்க்கப்பட்ட மியூவான் அறைகளில் ஒரு பங்கு பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் பஞ்சாப் பல்கலைக்கழகத்திலும் செய்யப்பட்டது. 2017 ஜனவரியில் இந்தியா செர்னின் இணை உறுப்பு நாடானது.

மதுரையின் பங்கு

அந்த மியூவான் அறைகளின் தொழில்நுட்பம் மதுரையிலும் இயங்குகிறது. மின்தடைத் தகட்டறை எனப்படும் அதில், இரு தகடுகளுக்கிடையே சில மில்லிமீட்டர் இடைவெளியில் வாயு ஓடுகிறது. குறுக்கே பத்தாயிரம் வோல்ட் அளவில் மின்னழுத்தம். மியூவான் கடக்கும்போது வாயுவில் சிறு மின்சாரல் எழுந்து, ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு துல்லியத்தோடு நேரத்தைச் சொல்கிறது.

இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்துக்காகத் தேர்ந்த கருவி இது. தேனி மாவட்டம் பொட்டிப்புரம் அருகே மலைக்கு அடியில் 50,000 டன் காந்தமேற்றிய இரும்பும் 30,000 அளவிலான தகட்டறைகளும் கொண்ட உணர்கருவியை அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சுற்றுச்சூழல், மலை, நீர் பற்றிய அச்சத்தில் உள்ளூரில் எதிர்ப்பு எழுந்தது. வழக்குகள் நீதிமன்றங்களுக்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் சென்றன. 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்துக்கு எதிர்ப்பைப் பதிவுசெய்தது. மலைக்குள் கட்டுமானம் தொடங்கவில்லை. ஆனால் திட்டத்தின் மதுரை மையத்தில் 85 டன் எடையுள்ள மாதிரிக் கருவி 2018 முதல் காஸ்மிக் மியூவான்களை அளந்துவருகிறது. பதினொரு இரும்பு அடுக்குகளும் அவற்றுக்கிடையே பத்துத் தகட்டறை அடுக்குகளும் கொண்டது அது. கருவி எவ்வளவு துல்லியமாக உந்தத்தையும் நேரத்தையும் சொல்கிறது என்று பழகிய துகளைக் கொண்டு முதலில் நிறுவுவது எல்லாத் துகள் சோதனைகளுக்கும் பொதுவான படி. பின்புலம் எவ்வளவு என்று அறியாத கருவியால் மிகுதி எதையும் காட்ட முடியாது.

இன்றைய நிலை

ஹிக்ஸுக்குப் பின் புது அடிப்படைத் துகள் எதுவும் முடுக்கிகளில் கிடைக்கவில்லை. பெரிய ஹாட்ரான் மோதுவியில் கண்டறியப்பட்ட 70க்கும் மேற்பட்ட புதுத் துகள்களில் ஹிக்ஸ் ஒன்று தவிர எல்லாம் ஹாட்ரான்கள். 2015இல் எல்.எச்.சி.பி. குழு கண்ட ஐந்து குவார்க் துகள்களும் அவற்றில் அடங்கும். 2003இல் சிறு சோதனைகள் அறிவித்த வேறோர் ஐங்குவார்க் துகள், 2005இல் பெருந்தரவோடு தேடியபோது இல்லையென்று ஆகியிருந்தது. பெயரளவில் ஒன்றேபோல் இருந்த இரு அறிவிப்புகளில் ஒன்று வீழ்ந்து மற்றது நின்றதற்கு வேறுபாடு தரவின் அளவும் பின்புலத்தைக் கழித்த கவனமும்தான்.

அடுத்த பத்தாண்டில் இதே மோதுவி செறிவு கூட்டப்பட்டு, இதுவரை சேர்த்ததைப் போலப் பல மடங்கு மோதல்களைத் தரவிருக்கிறது. அதில் ஆற்றல் பெரிதாகக் கூடப்போவதில்லை, கூடுவது எண்ணிக்கை. ஹிக்ஸின் அரிய சிதைவுகள், இரு ஹிக்ஸ் சேர்ந்து பிறப்பது, அறிந்த சிதைவுகளில் சிறு பிசகுகள் ஆகியவை இனி அளக்கப்படும். எதிர்பார்த்த எண்ணுக்கும் கண்ட எண்ணுக்கும் இடையே நிலையான வேறுபாடு தெரிந்து, மற்றொரு கருவியும் அதையே காட்டினால், பட்டியலில் பதினெட்டாவது துகளுக்கு அதுவே முதல் சான்றாக அமையலாம்.